கல்நார்

1984இல் நான் ஒரு கவிதை எழுதினேன். இருபத்திரண்டு வரிகள். ஒரு சிறுபத்திரிகையில் கடைசிக்கு முந்தின பக்கத்தில் வெளியாயிற்று. அதன் பின் இரண்டு இதழ்கள் வந்து அந்தப் பத்திரிகை நின்றுபோயிற்று. கவிதையைப் பற்றி எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில், படிமம் கச்சிதமாக விழுந்திருப்பதாக எழுதியிருந்தது. அந்த இன்லண்ட் லெட்டரை வெகுநாள் வைத்திருந்தேன்.

கவிதையில் ஒரு மனிதன் மாலையில் வேலையிலிருந்து வீடு திரும்புகிறான். தலை, புருவம், காக்கிச் சட்டை எல்லாவற்றிலும் வெளுத்த தூள். அவன் மனைவி சட்டையை வாங்கி வாசலில் உதறுகிறாள். சாய்ந்த வெயிலில் அந்தத் தூள் மினுங்கிக்கொண்டே மெதுவாக இறங்குகிறது. நான் அதை விபூதி என்று எழுதியிருந்தேன். உழைப்பே வழிபாடு என்கிற மலிவான அர்த்தத்தில் எழுதவில்லை. எரிந்து முடிந்த ஒன்றின் மிச்சம் என்ற அர்த்தத்தில். அப்படித்தான் நண்பர்களிடமும் விளக்கினேன்.

அந்தத் தூள் எரிந்து முடிந்த ஒன்றின் மிச்சம் இல்லை. அது எரியவே எரியாத பொருள். கிரேக்க மொழியில் ஆஸ்பெஸ்டாஸ் என்ற சொல்லுக்கு அணைக்க முடியாதது என்று அர்த்தம். தமிழில் அதற்குக் கல்நார் என்ற பெயர் இருக்கிறது. இது எனக்கு 2019 வரை தெரியாது. கல்லில் நார் உரிக்கிறவன் என்று ஆளைப்பற்றிச் சொல்வது மட்டும் தெரியும். நடக்காத காரியத்துக்கு நம்மவர்கள் சொல்லும் வழக்கு அது. நிஜத்தில் அந்தக் காரியம் நடந்துகொண்டிருந்தது. சுரங்கத்தில் கல்லை வெட்டி, நசுக்கி, நார் உரித்து, சாக்கில் அடைத்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நாரில் கொஞ்சம்தான் எங்கள் வாசலில் வெயிலில் மினுங்கியது.

சட்டைக்காரர் என் அக்காவின் கணவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு 1974இல் கல்யாணமாயிற்று. 1976இல் படிப்புக்காக நான் காட்டுப்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்கு வந்தேன். அப்போது பூந்தமல்லி சாலையை விட்டுச் சற்று உள்ளே போனாலே வயல்தான். எங்கள் வரிசையில் பாதி வீடுகள் ஓலை வேய்ந்தவை. மாமா வீட்டுக்கு ஷீட் போட்டிருந்தது. அதில் அக்காவுக்குக் கொஞ்சம் கர்வம். கோடையில் வரிசையில் ஏதாவது ஒரு குடிசை எரியும். ஒரு முறை எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி வரை வந்து தீ நின்றது. அன்று ராத்திரி எரிந்த வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் எங்கள் ஷீட்டுக்குக் கீழே தூங்கினார்கள். அந்தக் கூரையைப் பற்றி இன்று எதை எழுதினாலும் இதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

மாமா அம்பத்தூருக்கு சைக்கிளில் போவார். நூம்பல், வேலப்பன்சாவடி, வானகரம், அயனம்பாக்கம், அத்திப்பட்டு என்று அந்தப் பாதை. தொழிற்பேட்டை 1964இல் வந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சின்னப் பட்டறைகள் முளைத்திருந்தன. மாமா வேலை பார்த்த பட்டறையில் லாரி பிரேக்குக்கு லைனிங் செய்தார்கள். சாக்கைக் கிழித்து நாரைக் கொட்டி, ரெசினோடு கலந்து, அச்சில் வைத்துச் சூடாக அழுத்தி எடுப்பார்கள். பிறகு அளவுக்குத் தேய்த்து, ரிவெட் அடிக்கத் துளை போடவேண்டும். மாமா தேய்க்கிற பகுதியில் இருந்தார். ஆள் வராத நாளில் கலக்கிற இடத்துக்கும் போவார். முகத்தில் ஒரு கைக்குட்டை. தூசிக்கு மருந்தாகத் தினம் ஆளுக்கு ஓர் உருண்டை வெல்லம் கொடுத்தார்கள். வெல்லம் வயிற்றுக்குப் போகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது என்று யாரும் சொல்லவில்லை. முதலாளியும் அதே வெல்லத்தைத் தின்றுகொண்டு அதே தூசியில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கொடுமைக்காரராக வரைய எனக்கு வழியில்லை.

சட்டைகள் மூன்று. அக்கா தினமும் ஒன்றை வாங்கி உதறி, ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்தாள். பத்தொன்பது வருஷம்.

2018 ஐப்பசியில் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வலது பக்கம் நெஞ்சில் நீர் கோத்திருந்தது. ஊசி போட்டு எடுத்தார்கள். நம் நாட்டில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அந்த ஊகத்தில் தவறில்லை, பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கும். ஆறு மாதம் அக்கா காசநோய் மாத்திரை சாப்பிட்டாள். நீர் திரும்பத் திரும்ப வந்தது. வேறு ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தபோது நுரையீரலைச் சுற்றியுள்ள உறை தடித்துக் கட்டிகட்டியாக இருப்பது தெரிந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் விட்டு ஒரு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். மீஸோதீலியோமா என்று வந்தது.

அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பேசிய டாக்டர் சின்ன வயசுப் பெண். மாமா பணம் கட்ட வரிசையில் நின்றிருந்தார்.

“ஏதாவது ஃபாக்டரியில வேலை பார்த்திருக்கீங்களாம்மா?”

“நான் வீட்டை விட்டு எங்கே போனேன், டாக்டரம்மா.”

“வீட்டுக்காரர்?”

“அம்பத்தூர்ல. பிரேக்குக்கு லைனிங் செய்யற இடம். அவர் நின்னே இருபத்தஞ்சு வருஷமாச்சு.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். “அவர் துணியெல்லாம் யார் துவைப்பாங்க?”

அக்கா சிரித்துவிட்டாள். “வேற யாரு?”

டாக்டர் விளக்கிச் சொன்னாள். நிதானமாக, பயமுறுத்தாமல் சொன்னாள். இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் இந்த நோய்க்கு வேறு காரணம் தேடிப் போவது அபூர்வம் என்றாள். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

“தம்பி, அவர்கிட்ட சொல்லாதே.”

அதன் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது நோயைக் காட்டிலும் வருஷங்கள்தான். 1924இல் இங்கிலாந்தில் ராக்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் இறந்தாள். கல்நார் நூற்கும் ஆலைத் தொழிலாளி. அவள் நுரையீரலைச் சோதித்த வில்லியம் குக் அந்தத் தூளே காரணம் என்று மருத்துவ இதழில் எழுதினார். 1930இல் மெரிவெதர், பிரைஸ் இருவரும் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார்கள். 1955இல் ரிச்சர்ட் டால் அதே ராக்டேல் ஆலைத் தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக இருப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவர் சகாக்களும் நுரையீரல் உறையில் வரும் இந்த அபூர்வக் கான்ஸருக்கு 33 உதாரணங்களைச் சேகரித்தார்கள். நீலக் கல்நார் சுரங்கங்கள் உள்ள பிரதேசம் அது. அவர்களில் சிலர் சுரங்கத்தில் இறங்கியதே இல்லை. பக்கத்தில் வாழ்ந்தவர்கள். 1964இல் நியூயார்க்கில் இதற்கென்றே ஒரு மாநாடு நடந்தது. ஸெலிகாஃப் என்ற டாக்டர் அதைக் கூட்டினார்.

பிறகு 1965. லண்டனில் நியூஹவுஸ், தாம்ஸன் என்ற இருவர் 76 நோயாளிகளின் வாழ்க்கையைத் துருவிப் பார்த்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் கல்நார் வேலையே செய்யாதவர்கள், ஆனால் அவர்கள் வீட்டில் யாரோ அந்த வேலையில் இருந்தார்கள். பெரும்பாலும் கணவனின் வேலை உடையைத் துவைத்த மனைவிகள். கட்டுரை பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் அச்சாகியிருக்கிறது. அக்கா முதல் சட்டையை உதறுவதற்கு ஒன்பது வருஷம் முன்னால். நான் கவிதை எழுதுவதற்குப் பத்தொன்பது வருஷம் முன்னால்.

நோய் வேலை செய்யும் விதம் எளிமையானது என்பதால்தான் இன்னும் குரூரமாகத் தெரிகிறது. நார் நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும், கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக. மூச்சோடு உள்ளே போனதை விழுங்கி அழிக்க உடம்பில் உயிரணுக்கள் இருக்கின்றன. நார் அவற்றைவிட நீளம். விழுங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அந்த அணு சாகிறது, சாகும்போது சுற்றிலும் புண்ணாக்குகிறது. அடுத்த அணு வருகிறது. இப்படி இருபது வருஷம், நாற்பது வருஷம். சில நார்கள் நுரையீரலின் வெளியுறை வரை போய்ச் சேர்கின்றன. ஒரு நாள் அந்த உறையின் அணுக்களில் ஒன்று கட்டுமீறுகிறது. பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்குக் கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோய் பல மடங்கு அதிகம். இந்த உறைக் கான்ஸருக்கு அந்த வித்தியாசம் கிடையாது. பழக்கத்தைக் குற்றம் சொல்லி ஆறுதலடையவும் வழியில்லை. வெள்ளை, நீலம், பழுப்பு என்று கல்நாரில் வகைகள் உண்டு. வெள்ளை ஆபத்து குறைந்தது, அதைக் கவனமாகக் கையாளலாம் என்று வியாபாரிகள் இன்றும் சொல்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகைகளையும் மனிதனுக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது.

வைத்தியம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். உறையை உரித்தெடுக்கும் ஆபரேஷன் உண்டு. 2024இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் பரிசோதனையில், மருந்தோடு ஆபரேஷனும் செய்துகொண்டவர்கள் மருந்து மட்டும் பெற்றவர்களைவிட நன்றாக இருக்கவில்லை. மருந்து என்பது பெமிட்ரெக்ஸெட், அதனோடு பிளாட்டினம் சேர்ந்த இன்னொன்று. 2003இல் வந்த ஆய்வில் இரண்டும் சேரும்போது சராசரி ஆயுள் 9.3 மாதத்திலிருந்து 12.1 மாதமாயிற்று. அக்காவுக்கு இதைத்தான் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் ஏற்றினார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே தூண்டிவிடும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை 2020 அக்டோபரில் அமெரிக்கா அங்கீகரித்தது. அதில் 18.1 மாதம், பழைய மருந்தில் 14.1. அதன் விலையைக் கேட்டபின் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு தொடரவில்லை. மாதங்களுக்குப் புள்ளிவைத்துப் பின்னம் போடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்தபின் அதைக் கேலி செய்யத் தோன்றவில்லை. 0.1 மாதம் என்பது மூன்று நாள். மூன்று நாளில் அக்கா ஒரு பேத்தியின் காதுகுத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

நீர் திரும்ப வராமலிருக்க நெஞ்சுக்குள் ஒரு பொடியைத் தூவி இரண்டு உறைகளையும் ஒட்டிவிடுவார்கள். பொடி என்னவென்று கேட்டேன். டால்க். சுத்தம் செய்த மாக்கல் தூள். ஒரு கல்லின் தூள் கெடுத்த இடத்தை இன்னொரு கல்லின் தூளால் ஒட்டினார்கள். 1984ஆக இருந்தால் இதை வைத்து ஒரு கவிதை எழுதியிருப்பேன். இப்போது, அதனால் அக்காவுக்கு இரண்டு மாதம் ஊசி குத்திக்கொள்ளாமல் படுக்க முடிந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

2020 டிசம்பரில் அக்கா இறந்தாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதியிருந்தது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களுக்காக ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. அகமதாபாத்திலுள்ள ஒரு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கு. தொழிலாளியின் உடல்நலம் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. மருத்துவப் பதிவேடுகளை நாற்பது வருஷம் பாதுகாக்க வேண்டும், நோய் நிரூபணமானவருக்கு ஒரு லட்ச ரூபாய் தரவேண்டும் என்றது. தீர்ப்பை முழுக்கப் படித்தேன். நல்ல தீர்ப்பு. அதில் அக்காவுக்கு இடமில்லை. அவள் தொழிலாளி இல்லை. மாமாவின் பட்டறையில் பாதிப்பேர் பெயர் பதிவேட்டிலேயே இல்லை என்பது இன்னொரு விஷயம். பட்டறையும் இப்போது இல்லை.

உலகத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், ஐரோப்பிய யூனியன் 2005இலிருந்து தடை செய்துவிட்டது. வெகுகாலம் வெட்டி நமக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்த கனடா 2018இல் தடை செய்தது. அங்கே ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் கொண்ட ஒரு சுரங்க ஊர் 2020இல் வாக்கெடுப்பு நடத்தித் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அமெரிக்கா வெள்ளைக் கல்நாரைத் தடை செய்தது 2024இல். இலங்கை 2018 ஜனவரியிலிருந்து இறக்குமதியை நிறுத்துவதாக இருந்தது. 2017 டிசம்பரில் ஒரு தேயிலைப் பெட்டகத்தில் வண்டு இருந்ததென்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நார் விற்கும் நாடு ரஷ்யா. சில நாட்களில் இலங்கை தன் தடையைத் தள்ளிவைத்தது, தேயிலையும் மறுபடி கப்பலேறியது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கூலியும் யாரோ ஒருவருடைய நுரையீரலும் இப்படி ஒரே தராசில் வைக்கப்பட்டன. நம் நாட்டில் புதிதாகச் சுரங்கம் வெட்ட அனுமதியில்லை. வாங்கிக் கொட்டுவதற்குத் தடையில்லை.

கூரையைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஷீட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் நார், மீதி சிமெண்ட். உடையாமல் தலைக்கு மேல் கிடக்கிறவரை அதனால் பெரிய ஆபத்து இல்லை. அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடைக்கும்போதும் பெருக்கும்போதும்தான். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் எங்கள் வரிசையில் பாதிக் கூரைகள் நொறுங்கின. துண்டுகளைப் பெருக்கி அள்ளி, தண்ணீர் தேங்கும் பாதையில் கொட்டி மிதித்துச் சமன் செய்தோம். நானும்தான். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்தபின் பள்ளிக்கூடங்களிலிருந்து ஓலைக் கூரையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்த பல இடங்களில் ஷீட் ஏறியது. எரிகிற கூரைக்கும் எரியாத நாருக்கும் நடுவில்தான் ஏழைக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கிறது. எங்கள் வீட்டில் படுத்துத் தூங்கிய அந்த நான்கு பிள்ளைகளிடம் போய் ஷீட்டைப் பழிக்க எனக்குத் தைரியமில்லை.

இனி கவிதை. அதை நான் இப்போது கிழித்துப் போடுவதால் யாருக்கும் லாபமில்லை. அது எழுதப்பட்டதால் அக்கா சாகவில்லை, எழுதப்படாமலிருந்தால் பிழைத்திருக்கவும் மாட்டாள். என் குற்றச்சாட்டு வேறு. அந்தத் தூளை நான் ஊன்றிப் பார்த்தேன். யாரும் பார்க்காத அளவுக்குப் பார்த்தேன். அது விழும் வேகம், வெயிலில் அதன் நிறம், அக்காவின் மணிக்கட்டு எல்லாம் கவிதையில் சரியாக இருக்கின்றன. ஆனால் அது என்ன தூள் என்று மாமாவை ஒரு முறையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்லியிருப்பார், அவருக்குப் பெயர் தெரியும். கன்னிமாரா நூலகத்துக்கு வாரம் இரண்டு நாள் போய்க்கொண்டிருந்தவன் நான். அந்தச் சொல்லை ஒரு கலைக்களஞ்சியத்தில் புரட்டியிருக்கலாம். கேட்காததற்குக் காரணம், விபூதி என்ற சொல் கிடைத்தவுடன் எனக்கு அந்தத் தூள் தேவைப்படவில்லை. படிமம் பொருளைத் தொடுவதற்காக வருகிறது என்று நாங்கள் அந்த நாட்களில் ராத்திரி முழுக்க வாதம் செய்வோம். என் விஷயத்தில் அது பொருளை அப்புறப்படுத்த வந்தது. கவிதை எழுதுகிற எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. எனக்குப் பொருந்துகிறது.

எனக்கும் ஒரு ஸ்கான் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. அந்தப் பதிலில் இன்று வரை என்ற சொற்களையும் சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. கொஞ்சம் இரைப்பு உண்டு, மற்றபடி சௌக்கியம். அக்காவுக்கு வந்தது கான்ஸர் என்ற வரை அவருக்குத் தெரியும். எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அக்காவின் சொல்லைக் காப்பாற்றுகிறேனா, உண்மையை மறைக்கிறேனா என்று எனக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரியும் உரிமை இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று நண்பர் சொல்லவில்லை. இதை எழுத முடிவதே இந்தப் பத்திரிகை அவர் கைக்குப் போகாது என்பதால்தான். முன்னூறு பிரதிகள் என்பதால் கிடைக்கும் சௌகரியங்களில் இதுவும் ஒன்று.

இப்போது சாலையில் மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் எழும்பியிருக்கின்றன. வயல்கள் கிடையாது. போன மாதம் மாமாவின் மகன் பழைய ஷீட்டை எடுத்துவிட்டுத் தளம் போடுவதென்று ஆள் அமர்த்தினான். வந்தவன் சுத்தியலோடு ஏறினான். உடைக்காமல் போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்கச் சொன்னேன், முதலில் தண்ணீர் அடித்து நனைக்கச் சொன்னேன். கூலி கூட ஆகும் என்றான். சரி என்றேன்.

திண்ணையிலிருந்து மாமா கேட்டார். “தண்ணி எதுக்குடா?”

“தூசி பறக்கும், மாமா.”

“அந்தத் தூசியை நான் பாக்காததா” என்றார்.

கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். தெருவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவர்களை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.